திண்ணையும் கூடமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிகாகோ மாநகரத்துக்குத் தென்மேற்கே, சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாலும் இரும்பு ஆலைகளாலும் பெயர் பெற்ற ஜோலியட் என்றோர் ஊர் இருக்கிறது. 1901ஆம் ஆண்டில் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில், பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட ஆறு மாணவர்களை மறுபடியும் அதே கட்டடத்தில் உட்காரவைத்து, சர்வகலாசாலையின் முதல் இரண்டு வருஷத்துப் பாடங்களை அங்கேயே கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். அவ்வூர்ப் பள்ளியின் நிர்வாகப் பொறுப்பை வகித்த ஜே. ஸ்டான்லி பிரவுன் என்பவரும், சிகாகோ சர்வகலாசாலையின் முதல் தலைவராகிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கலந்து பேசிச் செய்த காரியம் அது. அந்த ஆறு பேரிலிருந்து கிளைத்த வம்சம் இன்று சுமார் ஆயிரம் கல்லூரிகளாகப் பரவி, அந்நாட்டில் இளங்கலைப் படிப்பில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைத் தன் கூரையின் கீழ் வைத்திருக்கிறது. ஆதியில் ஜூனியர் கல்லூரி என்று அழைக்கப்பட்டு, இப்போது சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் வழங்கும் ஸ்தாபனம் இதுதான்.

இப்படியொரு கல்லூரி ஏழைப் பிள்ளைகளின்மேல் கொண்ட இரக்கத்தினால் பிறந்தது என்று நினைத்துக்கொள்வது மனத்துக்கு இதமாக இருக்கும்; ஆனால் சரித்திரம் அவ்வளவு எளிதாக இல்லை. கல்லூரியின் முதல் இரண்டு வருஷங்களில் நடப்பது உண்மையில் உயர்தரப் பள்ளிப் படிப்பின் தொடர்ச்சியே என்றும், அந்தப் பாரத்தை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டால் சர்வகலாசாலையானது ஆராய்ச்சியிலும் மேற்படிப்பிலும் முழுக் கவனத்தையும் செலுத்தலாம் என்றும் ஹார்ப்பர் கருதினார். ஆகவே கல்வியின் வாசலை ஊராருக்கெல்லாம் திறந்துவிட வேண்டும் என்ற தர்மமும், வருகிற கூட்டத்தைத் திண்ணையிலேயே உபசரித்து அனுப்பிவிட்டால் உள்ளே கூடத்திலே அமைதியாக வேலை பார்க்கலாமே என்ற சௌகரியமும் இந்த ஸ்தாபனத்தின் ஜாதகத்திலேயே ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. அதன் பிற்காலத்துப் பெருமையும் சங்கடமும் பெரும்பாலும் இந்த இரண்டு எண்ணங்களின் இழுபறியாகவே எனக்குத் தோன்றுகின்றன.

கலிபோர்னியா மாநிலம் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இத்தகைய வகுப்புகளை நடத்த அனுமதி தந்தது. 1910இல் பிரெஸ்னோ நகரில் முதல் கல்லூரி தோன்றிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில், போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்கும்படி 1944இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த குழு 1947இல் வெளியிட்ட அறிக்கை, ஊர்தோறும் இத்தகைய கல்லூரிகள் வேண்டுமென்று வற்புறுத்தியதோடு, சமுதாயக் கல்லூரி என்ற பெயரையும் நாடறியச் செய்தது. பிறகு 1960இல் கலிபோர்னியா தன் உயர்கல்வி முழுவதற்கும் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி இறுதியில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் தேறியவர்களுக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தவர்களுக்கு மாநிலக் கல்லூரிகள். மற்ற எல்லோருக்கும், படிப்பினால் பயனடையக் கூடியவர் என்ற ஒரே தகுதியின்மேல், சமுதாயக் கல்லூரி. அந்த மூன்றாம் வாசலின் வழியாக வந்தவன் இரண்டு வருஷம் நன்றாகப் படித்தால், மேலிரண்டு ஸ்தாபனங்களும் மூன்றாம் வருஷத்தில் அவனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், அவனுக்கென்று அங்கே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் உயிர்நாடியான நிபந்தனைகள். தரம் பிரித்த பாவத்துக்கு இந்த ஏற்பாட்டையே பிராயச்சித்தமாக அதை வகுத்தவர்கள் கருதினார்கள் போலும்.

பிரவேசத்தைப் பொறுத்த மட்டில் அந்தக் கொள்கை ஏட்டோடு நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவில் 1984ஆம் ஆண்டு வரையில் இக்கல்லூரிகளில் போதனைக்குக் கட்டணமே கிடையாது. இன்றும் அங்கே கிரெடிட் என்கிற ஒரு பாட அலகுக்கு 46 டாலர்தான். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 2023-24ஆம் கல்வியாண்டில் சமுதாயக் கல்லூரியின் சராசரி வருஷக் கட்டணம் சுமார் 4000 டாலராக இருக்க, உள்ளூர் மாணவருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் சராசரிக் கட்டணம் 11,000 டாலரைத் தாண்டியிருந்தது. டென்னஸி மாநிலம் 2014இல் இயற்றிய சட்டத்தின்படி, பள்ளி முடித்து வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மற்ற உதவித்தொகைகள் போக மிஞ்சுகிற கட்டணத்தை அரசாங்கமே செலுத்துகிறது. அதற்குப் பிரதியாக மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் எட்டு மணி நேரம் ஊருக்குத் தொண்டு செய்ய வேண்டும்.

நுழைவுத் தேர்வில்லாத இந்த வாசல் வழியாக யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தால், கல்லூரி மாணவன் என்றதும் நம் மனக்கண்ணில் எழுகிற உருவம் கலைந்துபோகும். பகலெல்லாம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கணக்கு வகுப்புக்கு வருபவர், குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டுச் செவிலியர் படிப்புக்கு வரும் பெண், நாற்பது வயதில் ஆலை மூடப்பட்டு வேறு தொழில் தேடுபவர், நேற்றுத்தான் அந்நாட்டுக்குக் குடியேறி ஆங்கிலம் பழகுபவர், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடத்தையும் சேர்த்துப் படிக்கிற பதினாறு வயதுச் சிறுவன் எல்லோரும் ஒரே நடைபாதையில் தோளுரசிப் போகிறார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இருவர் பகுதி நேர மாணவர்கள். அதாவது ஒரு பருவத்துக்கு ஐந்து பாடம் படிக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்பவர்கள். தங்கும் விடுதி பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. அந்த இடத்தில் விஸ்தாரமான கார் நிறுத்துமிடம் இருக்கும்.

இவர்கள் ஜீவனோபாயத்துக்கும் படிப்புக்கும் இடையே நடக்கிறவர்களாகையால், ஊரில் வேலை குறைந்தால் கல்லூரி நிரம்புவதும், வேலை மலிந்தால் காலியாவதும் வழக்கம். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் சேர்க்கை உயர்ந்து 2010 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. பிறகு ஆண்டுதோறும் இறங்கிற்று. கொள்ளைநோய் வந்த 2020ஆம் ஆண்டில் மட்டும் அந்தப் பழைய விதி பொய்த்துப் போயிற்று. வேலையிழந்தோர் கோடிக்கணக்கில் இருந்தும், இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் தொகை முந்திய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வெல்டிங்கும் செவிலியர் பயிற்சியும் கணினித் திரையின் முன் உட்கார்ந்து கற்கக்கூடியவை அல்ல. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடக்கையில் பிள்ளைகளை வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய தாயார் எந்த வகுப்புக்கும் போக முடியாது. 2023இலிருந்து எண்ணிக்கை மறுபடியும் ஏறிவருகிறது. இதற்கிடையில் கலிபோர்னியாவில் ஒரு விசித்திரமும் நேர்ந்தது. யாரையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மையைக் கண்ட மோசக்காரர்கள், இல்லாத மனிதர்களின் பெயரால் கணினி மூலம் விண்ணப்பித்து, உதவித்தொகையைக் கறந்துகொண்டு மறையத் தொடங்கினார்கள். பேய் மாணவர்கள் என்று அங்கே இவர்களுக்குப் பெயர். பேய்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, உண்மையான மாணவர்கள் வகுப்பு நிரம்பிவிட்டதென்று திரும்பிப் போன கதையை, திறந்த வாசலுக்குக் கிடைத்த மிகக் கசப்பான பாராட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

உள்ளே வந்தவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள்? சமுதாயக் கல்லூரியில் முதன்முதலாகக் காலடி வைப்பவர்களைக் கேட்டால், நூற்றுக்கு சுமார் 80 பேர், நாலாண்டு இளங்கலைப் பட்டம் வரையில் படிப்பதே தங்கள் எண்ணம் என்கிறார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கினரே பல்கலைக்கழகத்துக்கு மாறியிருக்கிறார்கள். அப்படி மாறியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே பட்டம் கிடைத்திருக்கிறது. ஆக, நூறு பேர் புறப்பட்ட பிரயாணத்தில் இளங்கலைப் பட்டத்தோடு ஊர் சேர்ந்தவர் சுமார் 16 பேர்.

இந்த நஷ்டத்துக்கு மாணவரின் சோம்பலையோ அறிவுக் குறைவையோ காரணமாகக் காட்டுவது சுலபம். அந்தச் சுலபத்தையே ஓர் அறிஞர் கேள்விக்கு உள்ளாக்கினார். பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலார், கலிபோர்னியாவின் சான் ஹோசே ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து 1960இல் எழுதிய கட்டுரை, இன்றளவும் இத்துறையாரை விடாமல் உறுத்துகிறது. பல்கலைக்கழகக் கனவோடு வருகிற மாணவனை ஒருநாளும் கதவடைத்து அனுப்புவதில்லை. தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி, ஆலோசகரைக் கொண்டு பேசவைத்து, இந்தத் தொழிற்பயிற்சி உனக்கு ஏற்றதல்லவா என்று பரிவோடு திசைதிருப்பி, கடைசியில் அந்தக் கனவை அவனே தன் கையால் மூட்டை கட்டி வைக்கும்படி செய்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இதற்குச் சூடு தணித்தல் என்று பொருள்படும் ஒரு சொல்லை அவர் ஆண்டார். அச்சொல் எர்விங் கோஃப்மன் என்ற மற்றொரு சமூகவியலார் வழியாக வந்தது. அதன் பூர்வீகமோ சூதாட்ட மோசக்காரர்களின் பாஷை. பணத்தைப் பறிகொடுத்தவன் போலீசுக்குப் போய்விடாதபடி அவன் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து ஆறுதல் சொல்வானாம். அந்த ஆறுதலுக்குத்தான் அவர்களிடையே அப்பெயர். கிளார்க்கின் தீர்ப்பில் உண்மை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஆலோசகர்களின் மனத்தைக் குடைந்து பார்ப்பதற்கு முன்னால், கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. ஏனெனில், மாணவன் சம்பாதித்த பொருளில் கணிசமான பகுதி அந்தப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே காணாமல் போகிறது.

அங்கே படிப்பை அளக்கும் நாணயத்துக்குக் கிரெடிட் என்று பெயர். வாரத்துக்கு மூன்று மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் நடக்கும் பாடத்தை முடித்தால் பொதுவாக மூன்று கிரெடிட். அறுபது சேர்ந்தால் சமுதாயக் கல்லூரியின் அசோசியேட் பட்டம். நூற்றிருபது சேர்ந்தால் இளங்கலைப் பட்டம். அறுபதைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனால் மீதி அறுபதுதானே பாக்கி என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், அதற்குள்ளே ஒவ்வொரு துறையும், வந்த நாணயத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்ளும். மனோதத்துவம் படிக்க விரும்பும் ஒருத்தி, சமுதாயக் கல்லூரியில் புள்ளியியல் படித்து முடித்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் போய்ச் சேர்ந்த துறை எங்களுக்கு வேண்டியது கால்குலஸ் என்று சொல்லிவிட்டால், அவளுடைய மூன்று கிரெடிட்டும் விருப்பப் பாடம் என்ற தலைப்பில் ஒரு மூலையில் எழுதப்படுமேயன்றிப் பட்டத்துக்குரிய பாடங்களில் ஒன்றையும் நிறைவேற்றாது. ஏட்டில் ஏற்றுக்கொண்டார்கள், வழக்கில் அது செல்லாக் காசு. 2004க்கும் 2009க்கும் இடையே கல்லூரி மாறிய மாணவர்களைப் பற்றி அந்நாட்டு அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகம் 2017இல் அளித்த மதிப்பீட்டின்படி, எல்லாவித மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால் மாணவர்கள் தங்கள் கிரெடிட்டுகளில் சராசரி நூற்றுக்கு 43 பங்கை இழந்தார்கள். மிகவும் நேரான வழி என்று எண்ணப்படுகிற, அரசாங்கச் சமுதாயக் கல்லூரியிலிருந்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதிலும் 22 பங்கு போயிற்று.

இழந்த கிரெடிட்டைத் திரும்பப் படிக்கலாம். ஆனால் காலமும் பணமும் காத்திருப்பதில்லை. ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசாங்கம் தருகிற பெல் உதவித்தொகை ஆயுளில் பன்னிரண்டு செமஸ்டர்களுக்கே கிடைக்கும். படித்ததையே மறுபடி படிக்கிற ஒவ்வொரு பருவமும் அந்தப் பன்னிரண்டிலிருந்து கழிந்துகொண்டே போகும். இதற்கும் முன்னால் வேறோர் ஓட்டை இருந்தது. சேர்ந்த நாளன்று ஒரு சிறு தேர்வு வைத்து, கணக்கில் போதாது, ஆங்கிலத்தில் போதாது என்று சொல்லி, கிரெடிட்டே இல்லாத ஆயத்த வகுப்புகளில் லட்சக்கணக்கானவர்களை உட்காரவைத்தார்கள். ஒரு வகுப்பு, அதற்கும் கீழே ஒரு வகுப்பு என்று படிகள் நீண்டன. முதற்படியிலேயே பலர் சலித்து வெளியேறினார்கள். அத்தேர்வு நம்பத்தக்கதல்லவென்றும், நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே சேர்த்து, கூடவே உதவியும் செய்தால் அவர்களில் பலர் தேறுகிறார்கள் என்றும் பிறகு தெரிந்தது. புளோரிடா 2013இலும் கலிபோர்னியா 2017இலும் சட்டம் இயற்றி அந்தப் பழக்கத்தைப் பெரிதும் குறைத்தன.

இந்தக் கிரெடிட் விவகாரத்தை நம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னால் அவருக்கு வியப்பாக இருக்கும். அந்நாளில் இன்டர்மீடியட் வரையில் மட்டுமே கற்பித்த இரண்டாந்தரக் கல்லூரிகள் சென்னை ராஜதானியில் இருந்தன. அங்கே இரண்டு வருஷம் படித்துத் தேறியவர் பிறகு வேறோர் ஊரின் முதல்தரக் கல்லூரிக்குப் போய் பி.ஏ. வகுப்பில் சேர்வார். நீ படித்த சரித்திரம் வேறு, எங்கள் சரித்திரம் வேறு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை; பாடத்திட்டமும் பரீட்சையும் ஒரே சர்வகலாசாலையினுடையவையாக இருந்தன. அந்த முறைக்கு வேறு ஆயிரம் குறைகள் உண்டு; இந்தக் குறை இல்லை. அமெரிக்கக் கல்லூரியோ தன் பாடத்தைத் தானே வகுத்து, தானே பரீட்சை வைத்து, தானே பட்டம் தருகிற சுதந்திர சமஸ்தானம். அச்சுதந்திரத்தின் பெருமையைப் பேராசிரியர் அனுபவிக்கிறார். விலையை மாணவர் செலுத்துகிறார்.

சமஸ்தானங்களுக்குள் உடன்படிக்கை செய்யும் முயற்சிகளும் இல்லாமற் போகவில்லை. புளோரிடா மாநிலம் நெடுங்காலத்துக்கு முன்பே அரசாங்கக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் என்ற முறையை ஏற்படுத்திற்று. ஆர்லாண்டோ நகரத்து வாலன்ஸியா கல்லூரி இன்னும் ஒருபடி மேலே போய், அசோசியேட் பட்டம் பெற்றவருக்கு மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம் என்று முதல் நாளிலேயே வாக்களிக்கும் ஏற்பாட்டை 2006இல் செய்துகொண்டது. கலிபோர்னியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றத்துக்கென்றே ஒரு தனி அசோசியேட் பட்டத்தை உண்டாக்கி, அதைப் பெற்றவரை மாநிலப் பல்கலைக்கழக வரிசையில் ஏதேனும் ஒன்று மூன்றாம் வருஷத்தில் ஏற்கவும், அதற்குமேல் அறுபது கிரெடிட்டுக்கு மிகாமல் பட்டத்தை முடித்துத் தரவும் கட்டளையிட்டது. அப்படி ஏற்கும் பல்கலைக்கழகம் மாணவியின் வீட்டிலிருந்து நானூறு மைல் தூரத்தில் இருக்கலாம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை. பகலில் வேலையும் வீட்டில் குழந்தையும் உள்ளவளுக்கு நானூறு மைல் என்பது சந்திர மண்டலத்துக்குச் சமானம்.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏற்பாடு. அதிலே புதிய போதனாமுறை ஏதுமில்லை. முழு நேரமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் சேர்ந்தவர்களுக்கு, உதவித்தொகை போக மிஞ்சிய கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பாடப் புத்தகம் கொடுத்தார்கள். ஆலோசகர் ஒருவரை நியமித்து அடிக்கடி அவரைப் பார்க்கவைத்தார்கள். மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகரின் பொறுப்பில் அறுநூறு பேரும் அதற்கு மேலும் இருக்க, இவர்களுக்கு அறுபது முதல் எண்பது பேருக்கு ஒருவர். இவற்றோடு, ஆலோசகரைப் பார்த்து வந்தவருக்கு அந்த மாதத்துச் சுரங்க ரயில், பஸ் பிரயாணச் சீட்டு இலவசம். சிலரை இதில் சேர்த்தும் சிலரைச் சேர்க்காமலும் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்ததில், மூன்றாண்டுகளில் அசோசியேட் பட்டம் பெற்றவர்கள் சேராத கூட்டத்தில் நூற்றுக்கு 22 பேர், சேர்ந்த கூட்டத்தில் 40 பேர். தலைக்கு ஆகும் செலவு வெகுவாக உயர்ந்தபோதிலும், பட்டம் ஒன்றுக்கு ஆகும் செலவு குறைந்தது. ஒஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதையே செய்து பார்த்து ஏறத்தாழ அதே பலனைக் கண்டன. கல்வித் துறையில் கோடிகளைக் கொட்டிச் செய்கிற சீர்திருத்தங்களுக்கு நடுவே, ஒரு பஸ் சீட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு மனிதரும் இவ்வளவு சாதித்திருப்பதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமும் சற்று வெட்கமும் உண்டாயிற்று.

தேறியவர்களை எண்ணும் முறையிலேயே ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த மத்திய அரசாங்கக் கணக்கு, முதன்முறையாக முழு நேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, குறித்த காலத்துக்குள் அதே கல்லூரியில் பட்டமோ சான்றிதழோ பெற்றவர்களையே தேறியவர்கள் என்கிறது. பெரும்பான்மையான பகுதி நேர மாணவர்கள் அந்தக் கணக்கில் பலகாலம் இடம்பெறவேயில்லை. நாற்பது கிரெடிட்டோடு நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் போனவர், கல்லூரியின் ஏட்டிலே பட்டம் பெறாமல் போனவர்.

சமுதாயக் கல்லூரியின் வழியே போய் வெகுதூரம் சென்றவர்கள் உண்டு. நியூயார்க் மாநிலத்து எல்மைரா என்ற ஊரில் வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்த எய்லீன் காலின்ஸ், அருகிலுள்ள கார்னிங் சமுதாயக் கல்லூரியில் கணிதம் படித்து 1976இல் அசோசியேட் பட்டமும், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1978இல் இளங்கலைப் பட்டமும் பெற்றார். அவர் 1999இல் கொலம்பியா விண்கலத்தை வழிநடத்தி, அமெரிக்க விண்கலத் தலைமை ஏற்ற முதல் பெண்மணியானார். ஆனால் ஒரு காலின்ஸின் கதையைச் சொல்லிவிட்டு மற்றவர்களை மறப்பது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செய்கிற நியாயமாகாது. கல்லூரிக்குச் சென்று, எந்தப் பட்டமும் சான்றிதழும் பெறாமலே விட்டுவிட்டவர்கள், உழைக்கும் வயதிலுள்ளவர்களில் மட்டும், அந்நாட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேல்.

அவர்களில் சிலரை மறுபடி தேடிப் பிடிக்க ஒரு தலைகீழான உபாயம் அண்மைக் காலத்தில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. அசோசியேட் பட்டத்துக்குச் சில கிரெடிட்டுகள் குறைவாக இருக்கும்போதே பல்கலைக்கழகத்துக்கு மாறியவர், அங்கே படித்த பாடங்களைப் பழைய சமுதாயக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பினால், அவை அங்கே குறைந்திருந்த கணக்கை நிரப்பிவிடக் கூடும். ஹவாய் மாநிலத்தில் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதால், யாரும் விண்ணப்பிக்காமலே கணினி இரண்டு ஏடுகளையும் ஒத்துப் பார்த்து, பட்டத்துக்கு உரியவர் இன்னார் என்று சொல்லிவிடுகிறது. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு, தனக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு, என்றோ விட்டு வந்த சிறு கல்லூரியிலிருந்து, பட்டத்துக்கு வேண்டிய எல்லாம் படித்து முடித்துவிட்டீர்கள் என்று தகவல் போகிறது.